பத்தாவது வரை, பத்தாவது பாஸ்

இராஜகுமாரிக்கு அமெரிக்கக் குலுக்கலில் பெயர் விழுந்த செய்தி வந்தபோது, அவள் பர்மாவில், யாங்கூன் நகரத்து லத்தா பேட்டையில், ஒரு துணிக்கடை ஏணியில் நின்று மேல்தட்டிலிருந்து லோன்ஜி என்கிற கைலித் துணிக் கட்டு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவில் போன் கடையும் போட்டோக் கடையும் சேர்த்து நடத்தும் தனசேகரன் மூச்சு வாங்க வந்து கீழே நின்றான்.

"அக்கா, முதல்ல இறங்குங்க. சொன்னதும் விழுந்துடப் போறீங்க."

"என்ன சொல்லப் போறே?"

"உங்க பேரு வந்திருச்சு. அமெரிக்கா."

அவள் விழவில்லை. கட்டைக் கீழே இறக்கி, வாங்க வந்தவளுக்கு நிறம் எடுத்துக் காட்டி, அளந்து கொடுத்து அனுப்பிய பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

ஆண்டுதோறும் அமெரிக்க அரசாங்கம் சில நாடுகளில் பிறந்தவர்களுக்குக் குலுக்கல் முறையில் குடியேற்ற விசா கொடுக்கிறது. விண்ணப்பிக்கப் பணம் வேண்டாம். போட்டோவும் பெயரும் பிறந்த ஊரும் படிப்பும் குடும்பத்தார் விவரமும் கொடுத்தால் போதும். இராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த வருஷம், அக்டோபர் மாதத்தில், யாங்கூனில் போன் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் போட்டுப் பார்த்தார்கள். தனசேகரன் தன் கடை வாசலில் வெள்ளைத் திரை கட்டி, தெருவில் உள்ள எல்லாரையும் நிறுத்திப் படம் பிடித்துப் போட்டான். இராஜகுமாரியும் ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போய் நின்றாள். கணவன் பிலிப், மகள் ஜாஸ்லின் இருவரின் படத்தையும் போனில் அனுப்பினாள். அதற்குப் பிறகு அதை மறந்தே போனாள். ஏழு மாதம் கழித்து, அடுத்த மே மாதத்தில்தான் தனசேகரன் இப்படி ஓடி வந்தான்.

பெயர் வந்தால் விசா வந்தது போல என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தனசேகரன் கடையில் உட்கார்ந்து விவரம் கேட்டபோதுதான், வரிசையில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவே என்று புரிந்தது. அவளுடைய எண் மிகவும் பின்னால் இருந்தது. நேர்காணலுக்குக் கூப்பிட்டால் அடுத்த வருஷம் ஆகஸ்டு, செப்டம்பர் ஆகும். செப்டம்பர் முடிந்தால் எல்லாம் முடிந்தது.

"அதுக்குள்ள காகிதமெல்லாம் சேர்த்து வச்சுக்கணும்கா. பிறந்த சர்டிபிகேட், கல்யாணச் சர்டிபிகேட், போலீஸ் சர்டிபிகேட், பாஸ்போர்ட். அப்புறம் உங்க பத்தாவது பாஸ் சர்டிபிகேட்."

"பாஸா?"

"ஆமா."

"தனசேகரா, நான் பத்தாவது வரைக்கும் படிச்சேன்னுதானே உங்கிட்ட சொன்னேன்."

அவன் போனைக் கீழே வைத்தான். "வரைக்கும்னா பாஸுன்னு எடுத்துக்கிட்டேனே!"

அவள் பத்தாவது எழுதினாள்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். ஐந்து பாடம் தேறி, கெமிஸ்ட்ரியில் விழுந்தாள். இந்த நாட்டில் ஒரு பாடம் போனால் ஆறும் போன கணக்கு. மறு வருஷம் மறுபடி ஆறையும் எழுத வேண்டும். அந்த மறு வருஷம் வருவதற்குள், மிஷன் பள்ளியில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இராஜகுமாரி லத்தாவில் டோ கின் த்வே என்ற அம்மாளின் இந்தத் துணிக்கடையில் கத்தரிக்கோலைப் பிடித்தாள். பிறகு வைக்கவே இல்லை.

"படிப்பு இல்லாட்டி வேலையக் காட்டலாமா?"

"பார்த்துட்டேன்கா. ரொம்பப் பயிற்சி வேணுங்கிற வேலைக்குத்தான் அது செல்லும். எஞ்சினீயர், கணக்காய்வாளர், அந்த மாதிரி. துணிக்கடை வேலை அதுல வராது."

"பிலிப் லிஃப்ட் ரிப்பேர் பாக்குறாரே?"

"பேரு விழுந்தது உங்களுக்கு. தகுதியும் உங்களுக்குத்தான் இருக்கணும். அவரு உங்களுக்குப் பின்னால வர்ற ஆளு." தனசேகரன் குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தர் இருக்காரு. பழைய வருஷத்துக் காகிதத்துல, பழைய முத்திரையோட பண்ணிக் குடுப்பாரு."

"மாட்டிக்கிட்டா?"

"ஆயுசுக்கும் உள்ள விட மாட்டாங்க. மூணு பேரையும்."

"அப்ப அந்தப் பேச்சை விடு. இதச் சொல்லு. பாஸ் பண்ணது எப்ப இருக்கணும்? நீ போட்ட அன்னிக்கா, நேர்காணலுக்குப் போற அன்னிக்கா?"

தனசேகரன் போனில் தேடினான். ஆங்கிலத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தான். அமெரிக்காவில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட நண்பன் ஒருவனிடம் கேட்டு எழுதினான். பதில் சாயங்காலம்தான் வந்தது. விசாவுக்கென்று போய் நிற்கும் நாளில் கையில் இருந்தால் போதும் என்றான் அவன்.

நடுவில் ஒரு மார்ச் மாதம் இருந்தது. பர்மாவில் பத்தாவது பரீட்சை மார்ச்சில்தான் நடக்கும்.

அன்று க்யிம்யிண்டைங் பேட்டையில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், சோற்றை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். பிலிப் எதுவானாலும் நாலு தடவை யோசித்துப் பேசுகிற மனுஷன். ஜாஸ்லின்தான் முதலில் கேட்டாள்.

"எந்தப் பரீட்சை? இவங்க நடத்துற பரீட்சையா?"

ஜாஸ்லினுக்கு அப்போது பதினாறு. இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிப்ரவரியில் அவள் பத்தாவதுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆசிரியர்களில் பாதிப் பேர் அதை எதிர்த்து வேலையை விட்டு வெளியேறினார்கள். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது வாசலில் துப்பாக்கியோடு ஆள் நின்றான். ஜாஸ்லினும் அவள் கூட்டாளிகளும் போகவில்லை. வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தஸின் என்ற பெண்ணின் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. வேலையை விட்ட ஆசிரியர்கள் சேர்ந்து போனில் நடத்தும் வகுப்பில்தான் ஜாஸ்லின் படித்தாள். அந்தப் படிப்புக்கு அரசாங்கச் சர்டிபிகேட் கிடையாது என்று தெரிந்தேதான் படித்தாள்.

"ஆமா. அந்தப் பரீட்சைதான்" என்றாள் இராஜகுமாரி.

"வாசல்ல நிக்கிறவன்கிட்ட கார்டைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, உள்ள போவியா?"

"போவேன்."

"நீயும்தானேம்மா ராத்திரி இவங்களை எதிர்த்துச் சட்டி தட்டுனே? இதே ஜன்னல்ல நின்னு தட்டுனியே!"

"தட்டுனேன். நாளைக்குத் தட்டச் சொன்னாலும் தட்டுவேன். பரீட்சையும் எழுதுவேன்."

"தஸின் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

ஜாஸ்லின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். உப்பு வேண்டுமென்றால்கூட அப்பாவிடம் கேட்டாள்.

பிலிப் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். "எழுது" என்றார். "அவ கோபம் நியாயம்தான். நீ எழுது."

பாடப் புத்தகங்கள் பழைய புத்தகக் கடையில் கிடைத்தன. இந்தத் தடவை அவள் கெமிஸ்ட்ரி பக்கமே போகவில்லை. பர்மிய மொழி, ஆங்கிலம், கணக்கு, அவற்றோடு வரலாறு, புவியியல், பொருளாதாரம் என்று எடுத்துக்கொண்டாள். மறுபடி எழுதப் பதிவதற்காக, படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழைய தேர்வு எண்ணைத் தேடச் சொன்னாள். அங்கே இருந்த பெண் தூசி தட்டிப் பழைய பதிவை எடுத்துத் தர இரண்டு வாரம் ஆயிற்று. கடையில் துணி மடிக்கும்போது வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஆறுகள், கனிமங்கள், மழைக்காற்று, அரசர்கள், உடன்படிக்கைகள்.

கடை முதலாளி டோ கின் த்வே சீனத்துப் பர்மாக்காரி. அறுபதைத் தாண்டியவள். ஒருநாள் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, "என்ன ஜபமா?" என்று கேட்டாள்.

"ஜபம் இல்ல. பருத்தி எங்க விளையுதுன்னு சொல்லிப் பாக்குறேன்."

"பருத்தி இந்தக் கடையில விளையுது. வந்தவங்களைக் கவனி." பிறகு விஷயம் தெரிந்ததும் குரலை மாற்றினாள். "விடுமுறை தர்றேன். ஆனா வெளியே சொல்லாதே. பரீட்சை கூடாதுங்கிறவங்க, எழுதுற ஆளுங்க வீட்டு வாசல்ல திட்டி எதையாவது எழுதிட்டுப் போறாங்க. அந்தப் பக்கம் தெரிஞ்சா ஒரு தொல்லை, இந்தப் பக்கம் தெரிஞ்சா இன்னொரு தொல்லை. உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிறேன்."

வீட்டில் கரண்டு இருந்தால் வெளிச்சம் இருக்கும், அமைதி இருக்காது. ஜாஸ்லின் எதிரே உட்கார்ந்து பார்க்காமல் பார்ப்பதே பெரிய இரைச்சலாக இருந்தது. அதனால் இராஜகுமாரி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் க்யிம்யிண்டைங் ஸ்டேஷனில் சுற்றுரயிலில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். ஊரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடும் வண்டி. இன்செய்ன் வரைக்கும் கூட்டம் இருக்கும். கீரைக் கட்டும் வாழைத்தாரும் காலடியில் உருளும். மிங்கலாடோன் பக்கம் வரும்போது பெட்டி காலியாகி, ஜன்னல் வழியே வயல் காற்று வரும். அங்கேதான் பொருளாதாரத்தை எடுப்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் அவளை டீச்சர் என்று நினைத்துக்கொண்டு காலை மடக்கி இடம் விட்டார்கள்.

மற்றதெல்லாம் வந்தது. கணக்குத்தான் வரவில்லை. மனப்பாடம் செய்யச் செய்ய வழுக்கிக்கொண்டு போயிற்று. சின்ன வயதில் தெரிந்த கணக்குகூட இப்போது அந்நிய பாஷையாகத் தெரிந்தது. ட்யூஷன் வைக்கும் வாத்தியார்கள் எல்லாம் ஜாஸ்லின் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் வகுப்பு வைத்திருந்தார்கள். ஒருவர் இவளைப் பார்த்துச் சிரித்தே விட்டார்.

நவம்பர் மாதத்தில் ஒரு காலையில் அவள் க்யிம்யிண்டைங் சந்தைக்குப் போனாள். அங்கே ஓரமாகச் சுரைக்காய் பஜ்ஜி போட்டு விற்றுக்கொண்டிருந்த பெண் பெயர் நிலார். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை ஜாஸ்லினின் கணக்கு ஆசிரியை. ஊர் முழுக்க அவளை சயாமா, அதாவது டீச்சரம்மா, என்றுதான் கூப்பிட்டது. வேலையை விட்டதும் பெயர் இராணுவத்தின் பட்டியலில் ஏறி, அரசாங்கக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டு, இங்கே வந்து அடுப்பு வைத்தவள். ஜாஸ்லின் போனில் படிக்கும் வகுப்பில் கணக்கு நடத்துவதும் அவள்தான்.

இராஜகுமாரி பஜ்ஜி வாங்கினாள். காசு கொடுத்தாள். போகாமல் நின்றாள்.

"சயாமா, உங்ககிட்ட இதைக் கேக்குறது தப்புன்னு தெரியும். மார்ச்சுல நான் பத்தாவது எழுதப் போறேன். கணக்கு வரல."

நிலார் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜாஸ்லின் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. வெந்ததை எல்லாம் அள்ளி வடியவிட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"எழுதுங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன். எழுதாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். கணக்குல எங்க நிக்குறீங்க?"

"ஆரம்பத்துலேயே."

"சரி. காலையில சந்தை கூடுறதுக்கு முன்னாடி வாங்க. மாவு கரைக்கிற நேரம். ஒரு நிபந்தனை. என்கிட்ட வர்றீங்கன்னு ஜாஸ்லினுக்கு நீங்களே சொல்லணும். என் மாணவிக்குத் தெரியாம நான் எதையும் பண்ண மாட்டேன்."

இராஜகுமாரி வீட்டுக்குப் போய் மகளின் அறை வாசலில் நின்று சொன்னாள். ஜாஸ்லின் போனைக் கீழே வைத்தாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தை, "சயாமாவுமா?" என்பதுதான்.

அவள் அப்போதே நிலாருக்குப் போன் போட்டாள். இராஜகுமாரிக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டது. படபடவென்று பர்மிய மொழியில் கொட்டித் தீர்த்த மகள், கடைசியில் "சரி சயாமா" என்றாள். நிலார் என்ன சொன்னாள் என்று பல நாள் கழித்து நிலாரே சொன்னாள்: "வேலையை விட்டது நான். என்னைக் கேட்டு நானே எடுத்த முடிவு. அதுக்கான விலையை உங்க அம்மாகிட்ட வாங்கச் சொல்லி உன்னை யார் அனுப்பினதுன்னு கேட்டேன்." ஜாஸ்லின் அதற்கு மசியவில்லை. எதிர்த்து வாதாடுவதை மட்டும் விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம், விடிந்தும் விடியாத சந்தையில், மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து இராஜகுமாரி கணக்குப் படித்தாள். நிலார் கறாரான ஆசிரியை. வயதுக்கு மரியாதை கொடுத்துத் தப்பை விட்டுவிடும் பழக்கம் அவளுக்கு இல்லை. மாவுக் கையால் நோட்டைத் தொடாமல் கரண்டிக் காம்பால் சுட்டிக் காட்டுவாள். "இந்த வரியில இருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தீங்க? பறந்து வந்தீங்களா?" ஒரு வகைக் கணக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் ஏறவில்லை. "மேட்ரிக்ஸை விட்டுடுங்க" என்றாள் கடைசியில். "மத்ததுல தப்பு இல்லாம இருந்தா போதும். நாற்பது எடுத்தா பாஸ்."

மார்ச் வந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் ஜாஸ்லின் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு மிங்கலாடோனில் இருந்த அத்தை வீட்டுக்குக் கிளம்பினாள். பிலிப்பின் அக்கா வீடு அது.

"பரீட்சை முடியுற வரைக்கும் அங்க இருக்கேன்" என்றாள் அப்பாவிடம். வாசல்வரை போனவள், அம்மாவைப் பார்க்காமலே சொன்னாள்: "பரீட்சை நடக்குற இடத்துல குண்டு வைப்பாங்கன்னு பேசிக்கிறாங்க. வாசல்ல கூட்டமா நிக்காத. நேரா உள்ள போயிடு."

இராஜகுமாரி மறுநாள் நேராக உள்ளே போனாள். தெரு முனையில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். துப்பாக்கிக்காரன் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். பிலிப் கட்டிக் கொடுத்திருந்த சோற்று டப்பாவைத் திறக்கச் சொன்னான். அவன் முகத்தை அவள் பார்த்தாள். ஜாஸ்லினைவிட இரண்டு மூன்று வயது கூட இருந்தால் அதிகம். கீழுதட்டில் வெடிப்பு. அவளுக்குத் தஸினின் அண்ணன் ஞாபகம் வந்தது. டப்பாவை மூடி வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மண்டப வாசலில் கண்காணிப்பாளர் அம்மாள் கையைக் குறுக்கே நீட்டினாள். "பெற்றோர் எல்லாம் கேட்டுக்கு வெளியே நிக்கணும்."

"நான்தான் எழுதுறேன்."

அந்த அம்மாள் நுழைவுச் சீட்டையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தாள். "உள்ளே போங்க, அக்கா" என்றாள்.

பெஞ்சு பிள்ளைகளுக்கென்று செய்தது. முட்டி இடித்தது. வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்த மாதிரி பக்கத்துப் பையன்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். வினாத்தாள் வந்த பிறகு யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை. கணக்குப் பரீட்சை அன்று மட்டும் முதல் கால் மணி நேரம் கை ஓடவே இல்லை. பிறகு நிலாரின் கரண்டிக் காம்பு ஒவ்வொரு வரியிலும் வந்து நின்றது. பறக்காமல், வரிவரியாக இறங்கினாள். மேட்ரிக்ஸ் கேள்வியை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டு வந்தாள்.

கடைசிப் பரீட்சை முடிந்து அவள் வெளியே வந்தபோது, எதிர்ப்பக்கத் தெருவில் குடியிருந்த ஒரு பெண் பார்த்துவிட்டாள். ஜெபக்கூட்டத்தில் பக்கத்தில் உட்காருகிறவள்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் ஜெபக்கூட்டத்தில் இடம் மாறி உட்கார்ந்தாள். இராஜகுமாரி அவளிடம் போய் விளக்கம் சொல்லவில்லை. அவளுடைய மகனும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருப்பவன். அவளுக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை உண்டு என்றே இராஜகுமாரிக்குப் பட்டது. வலித்தது, அவ்வளவுதான்.

ஜூன் மாதத்தில் முடிவு வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் எண் ஒட்டியிருந்ததைப் பிலிப்தான் போய்ப் பார்த்தார். நேரே துணிக்கடைக்கு வந்தார். கடைக்குள் அதுவரை அவர் கால் வைத்ததே இல்லை. வாடிக்கைக்காரர்கள் நிற்க, அவர்களுக்கு நடுவே நின்று, "இருக்கு" என்றார். "உன் நம்பர் இருக்கு." அதற்குமேல் பேச முடியாமல் ஒரு லோன்ஜித் துணியை எடுத்து விரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். டோ கின் த்வே கடையில் இருந்த எல்லாருக்கும் தேநீர் வாங்கி வரச் சொன்னாள். உடம்பு சரியில்லாத கதையை அவளே மறந்துபோய், "என் கடைப் பெண் பத்தாவது பாஸ்!" என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

மதிப்பெண் தாள் கைக்கு வந்த அன்று ஜாஸ்லின் சமையலறைக்கு வந்தாள்.

"கணக்குல எவ்வளவு?"

"நாற்பத்தாறு."

"மேட்ரிக்ஸை விட்டிருப்பே."

"விட்டேன்."

"அது ரொம்ப லேசும்மா." தாளைக் கையில் வாங்கிக் கடைசிவரை பார்த்தாள். "கேட்டிருந்தா நான் சொல்லிக் குடுத்திருப்பேன்னு மட்டும் நினைக்காதே."

"நினைக்கல."

"இப்பவும் நீ செஞ்சது தப்புன்னுதான் சொல்வேன்."

"சொல்லு. உட்கார்ந்து சொல்லு. சாதம் ஆறுது."

நேர்காணல் ஆகஸ்டு மாதத்துக்கு வந்தது. அதற்கு முன் ஜாஸ்லின் தெளிவாகச் சொல்லிவிட்டாள், தான் வரப்போவதில்லை என்று. தஸினை விட்டுவிட்டு, வகுப்பை விட்டுவிட்டு, எல்லாரும் இங்கே கிடக்கும்போது தான் மட்டும் விமானம் ஏற முடியாது என்றாள். பிலிப் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"உன்னைக் கட்டி இழுத்துட்டுப் போக மாட்டேன்" என்றாள் இராஜகுமாரி. "பதினெட்டு ஆகப் போகுது உனக்கு. ஆனா விசா வாங்கி உன் கையில குடுப்பேன். அதுக்கு நீ அமெரிக்கத் தூதரக ஜன்னலுக்கு முன்னாடி வந்து நிக்கணும். நின்னுட்டு, அப்புறம் ஏறுறதும் ஏறாததும் உன் இஷ்டம். கையில ஒண்ணும் இல்லாம வேணாம்னு சொல்றதுக்கும், கையில வச்சுக்கிட்டு வேணாம்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு."

"நான் வராட்டி நீங்க ரெண்டு பேரும் போவீங்களா?"

இராஜகுமாரி இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தாள். பல நாள் ரயிலில் அதையும் யோசித்திருந்தாள். "போக மாட்டோம்" என்றாள். "அதுக்காக நீ வரணும்னு இல்ல. நீ கேட்டே, சொல்லிட்டேன்."

இன்யா ஏரிக்கரைத் தூதரகத்தில் மூவரும் வரிசையில் நின்றார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அமெரிக்க அதிகாரி நடுத்தர வயதுப் பெண். பர்மிய மொழி நன்றாகப் பேசினாள். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் சர்டிபிகேட்டில் நின்றாள்.

"இந்த ஜூன் மாதமா பாஸ் செய்தீர்கள்?"

"ஆமாம்."

"நாற்பது வயதில் ஏன் பரீட்சை எழுதினீர்கள்?"

"உங்க சட்டத்துல கேட்டிருந்தீங்க."

அதிகாரியின் உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. வரலாற்றில் இரண்டு கேள்வி, துணிக்கடையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள். பிலிப்பிடம் கல்யாணம் எந்தத் தேவாலயத்தில் நடந்தது என்று கேட்டாள். ஜாஸ்லினிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டாள்.

ஜாஸ்லின் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். தான் தினமும் படிப்பதாகவும், தன் ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை என்றும், தன்னிடம் காட்டுவதற்குச் சர்டிபிகேட் எதுவும் இல்லை என்றும் சொன்னாள். இராஜகுமாரிக்குத் திக்கென்றது. அதிகாரி எதையோ தட்டச்சு செய்தாள். பிறகு மூன்று பாஸ்போர்ட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். தனசேகரன் அதைச் சொல்லி அனுப்பியிருந்தான்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தும் ஜாஸ்லின் ஒரு மாதத்துக்குமேல் பதில் சொல்லவில்லை. இராஜகுமாரி கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது பரீட்சையைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த மாதத்தில் மின்வெட்டு முன்னைவிட மோசமானது. போன் வகுப்பில் ஆசிரியர் குரல் பாதியில் அறுந்து போகும். நடத்த ஆள் போதாமல் சின்ன வகுப்புகளை மூடப் போவதாக நிலார் சொன்னாள்.

ஒருநாள் மாலையில் ஜாஸ்லின் சந்தைக்குப் போய் வெகுநேரம் நிலாரோடு இருந்துவிட்டு வந்தாள். கூடவே தஸினும் போயிருந்தாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

"ஆறாவது, ஏழாவதுக்குக் கணக்கு நான் எடுக்கிறேன்னு சயாமாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். இங்க காலையில அங்க சாயங்காலம். அங்க கரண்டு போகாது. எனக்கு ஒரு தனி ரூம் வேணும், கதவு சாத்துற மாதிரி. எந்த வேலைக்குப் போகச் சொன்னாலும் அந்த ரெண்டு மணி நேரம் என்னைக் கூப்பிடக் கூடாது."

"சரி" என்றாள் இராஜகுமாரி.

"தஸின் போகச் சொன்னா. அவ சொன்னதாலதான் வர்றேன். உனக்காக இல்ல."

"சரி."

டிசம்பரில் அவர்கள் கிளம்பினார்கள். பிலிப்போடு வேலை பார்த்த ஒருவரின் தம்பி இண்டியானாவில் ஃபோர்ட் வெய்ன் என்ற ஊரில் இருந்தார். முதல் இரண்டு மாதம் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கினார்கள். பிலிப்புக்குக் கோழி வெட்டும் ஆலையில் வேலை கிடைத்தது. இராஜகுமாரி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் மடிப்பு மேசையில் நின்றாள். அவள் கைவேகத்தைப் பார்த்து மேற்பார்வைக்காரன் மலைத்துப் போனான்.

பிப்ரவரியில், பர்மாவில் பதினெட்டு வயது முடிந்தவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்கள். பெண்களும் அந்தச் சட்டத்தில் அடக்கம். செய்தி வந்த அன்று ஜாஸ்லின் சாப்பிடவில்லை. தஸினுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. எல்லைப் பக்கம் போய்க்கொண்டிருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தாள். அதற்கு மேல் எதையும் அவள் எழுதவில்லை, இவளும் கேட்கவில்லை. "நான் சொன்னேனே" என்று இராஜகுமாரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவே இல்லை. அவள் மகளுக்கு ஒரு குவளைப் பால் காய்ச்சி, கதவைத் தட்டி, உள்ளே வைத்துவிட்டு வந்தாள். ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்த இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அந்தப் பரீட்சையைப் பற்றி அம்மாவும் மகளும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. விருந்தாளிகள் யாராவது இராஜகுமாரி நாற்பது வயதில் பத்தாவது பாஸ் செய்ததை மெச்சிப் பேசினால், ஜாஸ்லின் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். இராஜகுமாரியும் அந்தப் பேச்சை வளர்ப்பதில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியிலேயே மருந்தகத்தில் உதவியாளர் பயிற்சி தருவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் சேரலாம் என்று கீழே இருந்தது. அவள் அன்றே பெயர் கொடுத்தாள். பாடத்தில் கெமிஸ்ட்ரி இருக்கிறது என்று தெரிந்ததும் பிலிப் பயந்தார். இராஜகுமாரி பயப்படவில்லை. சனிக்கிழமைகளில் ஜாஸ்லின் எதிரே உட்கார்ந்து நடத்துகிறாள். நிலாரைவிடக் கறாராக நடத்துகிறாள்.